கலத்தின் சுவரில் ஓடிய 870 ஆம்பியர்

ஜப்பானில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் சேர்ந்த நாலாவது மாதம். வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "மைக்ரோவேவை மட்டும் வைத்து 900 ஆம்பியர் பிளாஸ்மா மின்னோட்டம் எடுத்துவிட்டோம்" என்று அறிவித்தேன். பிளாஸ்மா என்றால் எலக்ட்ரானும் அயனியுமாகப் பிரிந்த வாயு. திரையில் வரைபடம். மின்னோட்டம் சரசரவென்று ஏறுகிறது, மேசை போலத் தட்டையாக நிற்கிறது, பிறகு இறங்குகிறது. மாணவர்களில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். சென்செய் மட்டும் (பேராசிரியரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"கேஸ் விடாமல் ஒரு ஷாட் எடுத்தீர்களா?"

எடுக்கவில்லை.

மதியம் போய் எடுத்தேன். (சாதனத்தை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதைத்தான் ஷாட் என்போம்.) ஹைட்ரஜன் வால்வை மூடினேன், மற்றதை எல்லாம் அப்படியே விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கேமராவில் ஒரே கறுப்பு. கலத்துக்குள், அதாவது பிளாஸ்மா எரியும் வெற்றிடப் பாத்திரத்துக்குள், எரிவதற்கு எதுவுமே இல்லை. ஆனால் மின்னோட்டத்தை அளக்கும் ரோகோவ்ஸ்கி காயில் 870 ஆம்பியர் காட்டியது. அதே ஏற்றம், அதே மேசை, அதே இறக்கம். நான் கண்டுபிடித்த பிளாஸ்மா மின்னோட்டம் மொத்தம் 30 ஆம்பியர்.

அந்த 870 எங்கே ஓடியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் இந்த வேலையில் எதற்கு இறங்கினோம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

டோக்கமாக் என்பது அணுக்கரு இணைவுக்காகப் பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் இயந்திரம். அதை ஒரு மெதுவடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவு இருக்கும் இடத்தில் பிளாஸ்மா. அது சுவரில் படாமல் இருக்க இரண்டு காந்தப்புலம் வேண்டும். வளையத்தோடு வளையமாகச் சுற்றி ஓடும் புலத்தை வெளியிலிருக்கும் காயில்கள் கொடுத்துவிடும். அந்தப் புலத்தை முறுக்கிக் கயிறு போலாக்க இன்னொரு புலம் தேவை. அது பிளாஸ்மாவுக்குள்ளேயே ஓடும் மின்னோட்டத்திலிருந்து வர வேண்டும். மின்னோட்டம் இல்லையென்றால் முறுக்கு இல்லை, முறுக்கு இல்லையென்றால் கூண்டும் இல்லை.

இந்த மின்னோட்டத்தை வழக்கமாக டிரான்ஸ்ஃபார்மர் பாணியில்தான் எழுப்புவார்கள். வடையின் ஓட்டையில் ஒரு சோலினாய்டை, அதாவது நீண்ட கம்பிச்சுருளை, நிறுத்தி, அதன் மின்னோட்டத்தை மாற்றினால் பிளாஸ்மா வளையத்தில் மின்னோட்டம் தூண்டப்படும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ஏசியில் ஓடுகிறது, அதற்குக் கவலையில்லை. இங்கே வேண்டியது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம். அதனால் சோலினாய்டின் மின்னோட்டத்தை ஒரே பக்கமாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் காயில் தாங்காது, அத்தோடு ஷாட் முடிந்தது. பிரான்ஸில் கட்டிவரும் ஐடெர் இயந்திரத்தின் சோலினாய்டு 13 மீட்டர் உயரம், 1,000 டன் எடை. அதற்கும் இதே கதிதான், கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவே. கோள வடிவ டோக்கமாக்கில் இன்னொரு சங்கடம்: வடையின் ஓட்டையே மிகச் சிறியது. சோலினாய்டு வைக்க இடம் கிடையாது.

சரி, சோலினாய்டு இல்லாமல் எப்படித் தொடங்குவது? ரேடியோ அலையால் தள்ளலாம்.

ஓடும் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இது எளிதில் புரியும். நின்றுகொண்டிருப்பவரால் ஓடும் பஸ்ஸின் கம்பியைப் பிடிக்க முடியாது. கிட்டத்தட்ட பஸ்ஸின் வேகத்துக்கு ஓடிவருகிறவர் பிடிப்பார், பிடித்ததும் பஸ் அவரை இழுத்துக்கொண்டு போகும். அலையும் அப்படித்தான். தன் வேகத்தைவிடச் சற்றே குறைவாக ஓடிவரும் எலக்ட்ரான்களைப் பிடித்து முன்னால் இழுக்கிறது. ஒரே திசையில் போகும் அலையை அனுப்பினால் ஒரே திசையில் எலக்ட்ரான்கள் ஓடும், அதுதான் மின்னோட்டம். லோயர் ஹைப்ரிட் என்ற வகை அலையால் டோக்கமாக்கில் இதைச் செய்யலாம் என்று நதானியல் ஃபிஷ் 1978-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். 1980-களின் தொடக்கத்தில் பிரின்ஸ்டனின் பிஎல்டி சாதனத்தில் 800 மெகாஹெர்ட்ஸ் அலை மின்னோட்டத்தைத் தாங்கிப் பிடித்தது. 1983-ல் கியோட்டோவின் டபிள்யூடி-2 ஒருபடி மேலே போனது. ஓடுகிற மின்னோட்டத்தைத் தாங்குவதோடு நிற்காமல், இல்லாத மின்னோட்டத்தை அலையாலேயே தொடங்கிக் காட்டினார்கள். 2003-ல் க்யூஷு பல்கலைக்கழகத்தின் ட்ரையம்-1எம், அலையின் தயவில் 5 மணி 16 நிமிடம் ஒரே பிளாஸ்மாவை ஓட்டியது. ஒரு ஷாட் தொடங்கிவிட்டு மதியச் சாப்பாடு, தேநீர் எல்லாம் முடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். 2025 பிப்ரவரியில் பிரான்ஸின் வெஸ்ட் டோக்கமாக் 1,337 விநாடி ஓடியதே, அதையும் பின்னாலிருந்து தள்ளியது இதே வகை அலைதான், 2 மெகாவாட்.

எங்கள் சாதனம் இவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் சமையலறைப் பாத்திரம். 70 செ.மீ. விட்டம், 70 செ.மீ. உயரம், நடுவில் ஒரு செப்புத் தண்டு. மைக்ரோவேவ் 2.45 கிகாஹெர்ட்ஸ், 5 கிலோவாட். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் அதே அலைவரிசை, ஏழெட்டு அடுப்பின் சக்தி. இதில் வேலை செய்வது லோயர் ஹைப்ரிட் இல்லை, எலக்ட்ரான் சைக்ளோட்ரான் ஒத்ததிர்வு. காந்தப்புலத்தில் எலக்ட்ரான் சுழலும் வேகம் ஒரு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ். ஒரு டெஸ்லா 10,000 காஸ், அப்படியானால் 2.45-க்கு 875 காஸ். வளையப் புலம் நடுத்தண்டிலிருந்து விலக விலகக் குறையும் என்பதால், கலத்துக்குள் 875 காஸ் இருப்பது தண்டைச் சுற்றிய ஒரே ஓர் உருளைப் பரப்பில் மட்டும். அங்கே வரும் எலக்ட்ரான் ஒவ்வொரு சுற்றிலும் சரியான நேரத்தில் ஓர் உதை வாங்கும், ஊஞ்சலை ஆட்டுவதைப் போல. எங்கள் தண்டின் 60 சுற்றிலும் 1,460 ஆம்பியர் விட்டால் அந்தப் பரப்பு 20 செ.மீ. ஆரத்தில் அமரும். 10 சதவீதம் கூட்டினால் 22 செ.மீ.க்கு நகரும். கேமராவில் செங்குத்தான ஒரு ரோஸ் நிறப் பட்டை, திருகத் திருக இடம் மாறும். சேர்ந்த புதிதில் வேலை இல்லாத நேரத்திலும் இதைத் திருகிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அந்த 870-க்கு வருவோம்.

எங்கள் ரோகோவ்ஸ்கி காயில் கலத்துக்கு வெளியே சுற்றப்பட்டிருந்தது. அது தனக்குள் அடங்கும் மொத்த மின்னோட்டத்தையும் அளக்கும். எதில் ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. நான் மைக்ரோவேவ் போட்ட அதே கணத்தில் செங்குத்துக் காந்தப்புலத்தையும் (அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்) ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏறுகிற புலம் எந்த உலோக வளையத்திலும் மின்னோட்டத்தைத் தூண்டும். எங்கள் துருப்பிடிக்கா எஃகுக் கலம் ஓர் அருமையான உலோக வளையம். புலம் சீராக ஏறும்வரை சுவரில் சீரான மின்னோட்டம், அதுதான் மேசை. ஏற்றம் நின்றதும் இறக்கம். நான் எல்லாருக்கும் காட்டியது கலத்தின் சுவரை.

இதில் என்னை வசமாக ஏமாற்றியது வேறொன்று. செங்குத்துப் புலத்தின் திசையைத் திருப்பினால் பிளாஸ்மா மின்னோட்டத்தின் திசையும் திரும்ப வேண்டும் என்று படித்திருந்தேன். முன்னெச்சரிக்கையாக அதைச் செய்தும் பார்த்திருந்தேன். திரும்பியது! அந்தத் தைரியத்தில்தான் கூட்டத்தில் எழுந்தேன். சுவர் மின்னோட்டமும் அதேபோலத் திரும்பும், அதுவும் பிளாஸ்மா ஓட வேண்டிய அதே திசையில் ஓடும் என்பது உறைக்கவில்லை. ஒரு சோதனை ஒத்துவருகிறதே என்று நம்புவதற்கு முன்னால், தப்பான விடையும் அந்தச் சோதனையில் தேறுமா என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் முதல் நாலைந்து ஷாட் வெற்று ஷாட்தான். ஒவ்வொரு காயிலையும் தனித்தனியாக ஏற்றி ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்து கேஸ் இல்லாமல் ஒன்று, கேஸ் உண்டு மைக்ரோவேவ் இல்லை என்று ஒன்று. இவற்றைக் கோப்பில் வைத்துக்கொண்டு, அன்றைய அளவுகளிலிருந்து கழிக்க வேண்டும். நேற்றைய வெற்று ஷாட்டை இன்றைக்குப் பயன்படுத்தக் கூடாது. வெப்பத்தோடு காயிலின் மின்தடை மாறும், ஏற்றமும் மாறும். இதைவிடச் சுலபமான சோதனையும் ஒன்று உண்டு: ஷாட்டின் நடுவில் மைக்ரோவேவைப் பட்டென்று நிறுத்துங்கள். பிளாஸ்மா மின்னோட்டம் விழும். சுவருக்கு அதைப் பற்றி அக்கறையில்லை. நீண்ட ஷாட் எடுப்பவர்கள், காயிலின் சமிக்ஞையைக் கூட்டிக்கொண்டே போகும் இன்டகிரேட்டரின் நகர்வையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றுமே இல்லாதபோது அது மெல்ல மெல்ல ஏறி, பார்ப்பதற்கு வளரும் மின்னோட்டம் போலவே இருக்கும்.

அப்படியானால் உண்மையான 30 ஆம்பியரை எப்படி வளர்ப்பது? முதலில் எல்லாரும் சொல்வது சக்தியைக் கூட்டு என்பதுதான். நானும் அதைத்தான் நினைத்தேன். உண்மையில் பிடி இருந்தது செங்குத்துப் புலத்தில்.

வளையப் புலம் மட்டும் இருந்தால் எலக்ட்ரான்கள் ஒரு பக்கமும் அயனிகள் எதிர்ப்பக்கமுமாக மேலும் கீழும் நகர்ந்துவிடும். மின்னூட்டம் பிரிந்து, பிளாஸ்மா வெளிப்பக்கச் சுவரில் போய் மோதும். கொஞ்சம் செங்குத்துப் புலம் சேர்த்தால் காந்தக் கோடுகள் ஸ்பிரிங் போல ஏறும். எங்களுக்கு 20 செ.மீ. ஆரத்தில் ஒரு சுற்று 126 செ.மீ. வளையப் புலம் 875, செங்குத்துப் புலம் 10 காஸ் என்றால், ஒரு சுற்றுக்குக் கோடு 1.4 செ.மீ. ஏறும். கலத்தின் தரையிலிருந்து கூரைக்குப் போக ஏறக்குறைய 48 சுற்று. 40 காஸ் வைத்தால் 12 சுற்றிலேயே கூரை. கூரையில் முட்டிய எலக்ட்ரான் போனதுதான்.

நான் 40-ல்தான் தொடங்கியிருந்தேன். மின்னோட்டம் பெரிதாக வந்தால் அதைப் பிடித்துவைக்கப் பெரிய செங்குத்துப் புலம் வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் அது வந்தபிறகு உள்ள நிலைமைக்கு. வராத விருந்தாளிக்கு வாசலில் நாற்காலியைப் போட்டு வழியையே அடைத்துவைத்திருந்தேன். 40 காஸில் கலம் நன்றாக ஒளிர்ந்தது, கேமராவில் பார்க்க ஜோராக இருந்தது. ஒளி வருவது ஒரு சங்கதி, மின்னோட்டம் வருவது இன்னொரு சங்கதி. 40-லிருந்து இரண்டிரண்டாகக் குறைத்துக்கொண்டே வந்தேன், ஒரு நாளைக்கு நாற்பது ஷாட். 15-க்குக் கீழே வந்ததும் மின்னோட்டம் நூறைத் தாண்டியது. 6-க்குக் கீழே மறுபடி படுத்துவிட்டது. வேலை செய்யும் இடம் அவ்வளவு குறுகல்.

இந்த வேட்டையில் ஒரு திங்கட்கிழமை எல்லாம் தலைகீழானது. வெள்ளிக்கிழமை நன்றாக வந்த அதே அமைப்பு, அதே எண்கள், மின்னோட்டம் பாதி. இரண்டு நாள் கேஸையும் பவர் சப்ளையையும் சந்தேகப்பட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே வேலை பார்த்த தொழில்நுட்பப் பெரியவர் வந்து, எதையும் அளக்காமல், தரையைத்தான் பார்த்தார். நடுத்தண்டுக்குப் போகும் கேபிளும் திரும்பி வரும் கேபிளும் எப்போதும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருக்கும். வார இறுதியில் தரை துடைத்தவர்கள் கட்டை அவிழ்த்து, ஒன்றைச் சுவரோரமாக நகர்த்தியிருந்தார்கள். ஜோடி பிரிந்த கேபிளில் 1,460 ஆம்பியர் ஓடினால் ஒரு மீட்டர் தள்ளி 3 காஸ் புலம் இருக்கும். 10 காஸை நம்பிப் பிழைப்பு நடத்தும் இடத்தில் 3 காஸ் என்பது கொள்ளை. பெரிய டோக்கமாக்கில் வேலை பார்த்தவர்களும் பூமியின் அரை காஸ் புலத்தைக்கூடக் கணக்கில் சேர்ப்பது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. அதன்பிறகு தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, கேபிள் போகும் தடத்தை வரைந்து வைத்தோம். கலத்துக்கு இரண்டு மீட்டருக்குள் இரும்புத் தள்ளுவண்டி வரக்கூடாது என்று ஒரு பலகையும் மாட்டினோம்.

அடுத்தது என் கையாலேயே நடந்த கூத்து. அலை வரும் குழாயை, அதாவது வேவ்கைடை, ஆய்வுக்காக ஒருமுறை கழற்றி மாட்டினேன். 109 மி.மீ. அகலம், பாதி உயரம், செவ்வகக் குழாய். குழாய்களை இணைக்கும் விளிம்பான ஃபிளான்ஜில் நாலு பக்கமும் போல்ட். சாயங்காலம் ஆறரை மணி, கடைசி ரயிலுக்கு இன்னும் எத்தனையோ நேரம் இருந்தது, ஆனாலும் அவசரம். ஒரு பக்கத்து போல்ட்களை வரிசையாக இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனேன். மறுநாள் காலை 5 கிலோவாட் அனுப்பினால் 4 கிலோவாட் திரும்பி வந்தது. திரும்புவதைச் சர்குலேட்டர் பக்கவாட்டில் தண்ணீர்ச் சுமைக்குத் தள்ளிவிடும், அதனால் மைக்ரோவேவை உண்டாக்கும் மேக்னட்ரான் பிழைத்தது. நானோ பிளாஸ்மாவின் அடர்த்தி கூடிப்போய் அலையைத் திருப்பி அனுப்புகிறது என்று ஒரு கோட்பாடே கட்டிவிட்டேன். நியாயமான சந்தேகம்தான். 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு கன மீட்டருக்கு 7.4×10¹⁶ எலக்ட்ரான் என்பதுதான் எல்லை, அதற்கு மேல் சாதாரண அலை உள்ளே போகாது. அதையும் தாண்டிப் போக அலையை எலக்ட்ரான் பெர்ன்ஸ்டைன் அலை என்ற வேறொரு வகையாக மாற்றும் வழி ஒன்று உண்டு. அதற்கு ஆன்டெனாவின் கோணத்தை மாற்றுவது பற்றி ஒரு மதியம் முழுக்கப் படித்தேன்.

கலத்திலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறதே என்று கேட்டது ஒரு முதுகலை மாணவி. பிளாஸ்மா சத்தம் போடாது. குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். நான் இறுக்கிய ஃபிளான்ஜில் ஒரு பக்கம் தலைமுடி நுழையும் இடைவெளி, அதைச் சுற்றிக் கரி. அங்கிருந்து மேக்னட்ரானை நோக்கி, வரிசையாக எறும்பு போனது போலக் கரும்புள்ளிகள். வேவ்கைடுக்குள் பற்றும் பொறி அலை வருகிற திசையை நோக்கித்தான் நகரும். சாப்பாடு வரும் பக்கம் போகிறது என்று பெரியவர் சொன்னார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் மேக்னட்ரானின் வாயிலுக்கே போயிருக்கும்.

அதிலிருந்து சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. போல்ட்களை எதிரெதிராக, மூன்று சுற்றாக, டார்க் ரென்ச் வைத்து இறுக்குகிறேன். மூடுவதற்கு முன்னால் உள்ளே டார்ச் அடித்து உலோகச் சீவல் கிடக்கிறதா என்று பார்க்கிறேன். கழற்றிய முனைகளை அந்த நிமிடமே அலுமினியத் தாளால் மூடுகிறேன். ஒவ்வொரு ஷாட்டிலும் போகும் சக்தியையும் திரும்பும் சக்தியையும் பதிவு செய்கிறேன், பிளாஸ்மா இல்லாத ஷாட்டிலும். மாட்டி முடித்தபின் குறைந்த சக்தியில் ஓட்டி, கசிவு மீட்டரை ஒவ்வொரு ஃபிளான்ஜைச் சுற்றியும் கொண்டுபோகிறேன். வீட்டு அடுப்புக்கே கதவிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. இது ஏழெட்டு அடுப்பு. கண்ணுக்கு முதலில் ஆபத்து, அதிலும் வலி தெரியாமல் வரும் ஆபத்து. பிளாஸ்மா நன்றாக வரத் தொடங்கியதும் எக்ஸ்ரே பேட்ஜும் மாட்டிக்கொண்டோம். மின்னோட்டத்தைச் சுமப்பதே வேகமான எலக்ட்ரான்கள். அவை வழிதவறிச் சுவரில் மோதினால் எக்ஸ்ரே வரும்.

மிச்சமிருந்தது சுவரின் அழுக்கு. இது இரண்டு வாரத்தைத் தின்றது. ஓர் அளவீட்டுக் கம்பியை மாற்றக் கலத்தைத் திறந்திருந்தோம். திறந்தால் காற்றின் ஈரம் எஃகுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் அது மெல்ல மெல்லத்தான் வரும். எச்ச வாயு அளவியில் 18 என்ற இடத்தில் தண்ணீரின் சிகரம் தென்னை மரம் மாதிரி நின்றது. பிளாஸ்மாவின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். சுத்தமான ஹைட்ரஜன் ரோஸ் நிறம், அழுக்கு சேர்ந்தால் நீலம் கலந்த வெளுப்பு. அழுக்கு அயனிகள் எலக்ட்ரான்களின் சக்தியை ஒளியாகக் கொட்டிவிடுவதால் அலை தள்ளிய தள்ளு வீணாகும். கலத்தைச் சுற்றி ஹீட்டர் பட்டை கட்டி 120 டிகிரியில் மூன்று நாள் சுட்டோம். பிறகு இரவு முழுக்கக் குறைந்த சக்தி மைக்ரோவேவில் ஹைட்ரஜன் பிளாஸ்மாவை ஓட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவினோம். காலையில் வந்து பார்த்தால் தென்னை மரம் முழங்கால் உயரம்.

கழுவி முடித்ததும் ஒரு வேடிக்கை. கேஸ் வால்வை முழுதாக மூடிய பிறகும் பிளாஸ்மா எரிந்துகொண்டே இருந்தது. சுவர் குடித்த ஹைட்ரஜனை இப்போது அதுவே திருப்பிக் கொடுக்கிறது. நான் கொடுக்கும் கேஸும் சுவர் கொடுக்கும் கேஸும் சேர்ந்துதான் எலக்ட்ரானின் வழியை அடைக்கின்றன. அதனால் என் பங்கைக் குறைத்தேன். வால்வின் துடிப்பைப் பாதியாக்கினேன், மறுபடி பாதியாக்கினேன்.

அந்த ஷாட் மாலை நாலரை மணிக்கு வந்தது. செங்குத்துப் புலத்தை 12 காஸில் அசையாமல் வைத்திருந்தேன், ஏற்றம் கிடையாது. மின்னோட்டம் முதலில் 300 ஆம்பியரில் தள்ளாடிக்கொண்டிருந்தது. பிறகு, நான் எதையும் தொடாமலே, சில மில்லி விநாடிகளில் 1,200-க்குத் தாவியது. கேமராப் பதிவை ஒவ்வொரு சட்டமாக ஓட்டினோம். தரையிலிருந்து கூரைவரை நின்ற ரோஸ் பட்டை நடுவில் தடித்து, இருபுறமும் முனை கழன்று, உருண்டு, சுவருக்கும் தனக்கும் நடுவே ஒரு கறுப்பு இடைவெளி விட்டு நின்றது. மாணவி "அது சுவரைவிட்டு வந்துவிட்டது" என்றார்.

நடந்தது இதுதான். 1,200 ஆம்பியர் தன்னிலிருந்து 10 செ.மீ. தள்ளி உண்டாக்கும் புலம் 24 காஸ். நாங்கள் வைத்த 12-ஐ அது வென்றுவிட்டது. உள்பக்கத்தில் பிளாஸ்மாவின் சொந்தப் புலம் ஜெயித்ததும், கூரைக்கும் தரைக்கும் ஓடிக்கொண்டிருந்த காந்தக் கோடுகள் வளைந்து தம்மைத் தாமே மூடிக்கொண்டன. எலக்ட்ரானுக்கு இனி முட்டுவதற்குக் கூரை இல்லை. தொடங்கும்வரைதான் பாடு. மூடிய கூண்டு கிடைத்துவிட்டால் அதே 5 கிலோவாட் பல மடங்கு வேலை செய்யும். இதற்கப்புறம் செங்குத்துப் புலத்தை மின்னோட்டத்தோடு சேர்த்து மெதுவாக ஏற்றலாம். மெதுவாக என்பது முக்கியம். மின்னோட்டம் வேகமாக ஏறினால் அந்த ஏற்றமே ஓர் எதிர் மின்புலத்தை உண்டாக்கி எலக்ட்ரான்களைப் பின்னால் இழுக்கும். செங்குத்துப் புலத்தின் ஏற்றம் பிளாஸ்மாவையும் கொஞ்சம் தூண்டும், அந்தப் பங்கை அலையின் கணக்கில் எழுதுவது நேர்மையில்லை. இங்கிலாந்தின் மாஸ்ட் சாதனத்தில் 28 கிகாஹெர்ட்ஸ் அலையால் 73 கிலோஆம்பியர்வரை போனார்கள். எங்கள் 1.2-க்கு அது அறுபது மடங்கு.

அந்த வியாழக்கிழமை எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே நாலு தாளை மேசையில் வைத்தேன்: கேஸ் இல்லாத ஷாட், மைக்ரோவேவ் இல்லாத ஷாட், நடுவில் மைக்ரோவேவை நிறுத்திய ஷாட், அப்புறம் அந்த ஷாட். சென்செய் நாலையும் வரிசை மாற்றி அடுக்கிப் பார்த்தார். செங்குத்துப் புலம் அசையவில்லை என்பதை விரலால் கோட்டின்மேல் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நன்றாக இருக்கிறது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "புலத்தை எதிர்ப்பக்கம் திருப்பினீர்களா?"

போன முறை என்னை ஏமாற்றிய சோதனை என்பதால் இந்த முறை அதைச் செய்யவே இல்லை. சாப்பாட்டுக்குப் போகாமல் கீழே இறங்கிப் போனோம். பெரியவர் இரண்டு கேபிளைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினார், மஞ்சள் டேப்புக்குள்ளேயே. அரைமணி நேரம் ஆனது. முதலில் கேஸ் இல்லாமல் ஒன்று. சுழி. அடுத்தது கேஸோடு.

மைனஸ் 1,150.